உலர்கோளைத் தாண்டிப் போகலாம்

எழுத்தாளர் இறந்த நான்காவது மாதம், அவர் எழுதியதெல்லாம் சேர்ந்து பன்னிரண்டு தொகுதிகளாக வெளிவந்தது. வானிலைக்காரி முன்பதிவு செய்து வைத்திருந்தாள். புத்தகக் கடையில் பெட்டியை வாங்கிக்கொண்டு பேருந்தில் ஏறியவளுக்கு வீடு போய்ச் சேரும்வரை பொறுமை இல்லை. ஜன்னலோரம் இடம் கிடைத்ததும் பெட்டியைக் காலுக்கிடையில் வைத்து, ஒட்டியிருந்த நாடாவைச் சாவியால் கிழித்து, முதல் தொகுதியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

வானிலைக்காரி என்பது தெருக்காரர்கள் அவளுக்கு வைத்த பேர். முப்பத்தைந்து வருடம் வானிலை அலுவலகத்தில் வேலை பார்த்தவள். காலையும் மாலையும் காற்று எந்தப் பக்கம், எவ்வளவு வேகம், ஈரம் எவ்வளவு, மேகம் எத்தனை பங்கு என்று கருவிகளைப் பார்த்துக் குறித்துவைக்கும் வேலை. போன வருடம்தான் ஓய்வு பெற்றாள். இன்னமும் பக்கத்து வீட்டுக்காரர்கள் துணி காயப்போடுவதற்கு முன்னால் மாடியிலிருந்து எட்டிப் பார்த்து, "இன்னிக்கு எப்படி?" என்று கேட்பார்கள். வராது என்று அவள் சொல்லி மழை வந்துவிட்டால் அன்று முழுக்க வெளியே தலைகாட்ட முடியாது.

தொகுதியின் தொடக்கத்தில் ஒரு முன்னுரை இருந்தது. எழுத்தாளரே கடைசி மாதங்களில் எழுதி வைத்துவிட்டுப் போனது. 'எங்கே தொடங்குவது?' என்று தலைப்பு.

"என்னைப் புதிதாக வாசிக்க வருகிறவர் ஆரம்பகாலச் சிறுகதைகளில் தொடங்கட்டும். அங்கிருந்து நேராக நிலாச் சுரங்க நாவலுக்குப் போகலாம். இடையில் வரும் உலர்கோள் நாவல்கள் ஐந்தையும் தாண்டிப் போகலாம். ஒரு நஷ்டமும் இல்லை. அவற்றில் வானிலை அதிகம், மனிதர்கள் குறைவு. இப்போது திரும்பிப் பார்த்தால் அவை என் எழுத்து என்றே எனக்குத் தோன்றவில்லை."

அவள் அதை இரண்டு தடவை படித்தாள். மூன்றாவது தடவை படித்துக்கொண்டிருந்தபோது இறங்க வேண்டிய நிறுத்தம் போய்விட்டது. அதற்கடுத்ததும் போய்விட்டது. கடைசியில் நடத்துநர் வந்து, "அம்மா, பஸ்ஸு இதுக்கு மேல போகாது" என்று சொன்ன பிறகுதான் எழுந்தாள்.

அந்த ஐந்து நாவல்களுக்கும் வானிலை எழுதியவள் அவள்.

இருபத்தேழு வருடங்களுக்கு முன்னால் ஒருநாள், கசங்கிய சட்டையும் கையில் ஒரு நோட்டுமாக ஒருவர் வானிலை அலுவலகத்துக்கு வந்தார். மேலதிகாரியிடம் போய், "ஒரு கோள்ல பதினோரு வருஷத்துக்கு ஒரு தரம்தான் மழை பெய்யும்னா, மத்த நாள்ல அங்க வானம் எப்படி இருக்கும்?" என்று கேட்டார். மேலதிகாரி வாய்விட்டுச் சிரித்து, கடைசி மேஜையிலிருந்த அவளிடம் தள்ளிவிட்டார். அவள் சிரிக்கவில்லை.

"முதல்ல அங்க காத்து எந்தப் பக்கத்துலேர்ந்து வருதுன்னு சொல்லுங்க சார்" என்றாள்.

எழுத்தாளர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை தோறும் அவள் அவர் வீட்டுக்குப் போனாள். அவரை சார் என்று கூப்பிடுவாள். அவர் மனைவியை மட்டும் அண்ணி. அண்ணி சமைத்ததை மூன்று பேரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுவார்கள். சாப்பிட்டு முடித்ததும் எச்சில் கை காய்ந்துபோகிற வரைக்கும் தூசிப்புயலைப் பற்றிப் பேச்சு ஓடும்.

அவர் கேட்டது நாலு வரிதான். அவள் எழுதிக் கொடுத்தது ஆயிரத்துச் சொச்சம் நாட்களின் வானிலைக் குறிப்பு. இல்லாத கோளில், இல்லாத ஊரில், நாள் தவறாமல் காற்றும் வெயிலும் தூசியும் எப்படி இருந்தன என்று, அலுவலகத்தில் வீணாய்ப் போன வரைபடத் தாள்களின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதினாள். அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் அவர் நாவல் எழுதினார். காற்று திரும்புகிற நாளில் கதாநாயகி வீட்டை விட்டுப் போனாள். தூசி அடங்குகிற நாளில் திரும்பி வந்தாள்.

அவள் பேரை அவர் போடவில்லை என்று குறை சொல்ல முடியாது. அவள்தான் வேண்டாம் என்றாள். வெளிவேலை செய்ய அலுவலகத்தில் அனுமதி வாங்க வேண்டும். அந்த மேலதிகாரியிடம் அனுமதி கேட்பது, வேலியில் போகிறதை எடுத்து மடியில் விட்டுக்கொள்கிற மாதிரி. "சரி, நீ ரிட்டையர் ஆன மறுநாள் மறுபதிப்பு போடறேன். முதல் பக்கத்துல உன் பேரு" என்றார் எழுத்தாளர். அவள் ஓய்வு பெற்றபோது அவர் படுக்கையில் இருந்தார். உடம்புக்கு முடியாத மனுஷரிடம் போய் என் பேரைப் போடு என்று நிற்க அவளுக்கு மனசு வரவில்லை.

வீட்டில் தம்பி ஒரு பழைய குளிர்பெட்டியைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தான். குளிர்பெட்டி பழுது பார்ப்பது அவன் தொழில். அக்காவும் தம்பியுமாக அந்த வீட்டில் இரண்டே பேர். கையைத் துடைத்துக்கொண்டு முன்னுரையை வாங்கிப் படித்தான்.

"செத்துப் போனவரைத் திட்டக்கூடாதுன்னு பல்லைக் கடிச்சிக்கிட்டு இருக்கேன்" என்றான். "ஏன்க்கா, எத்தனை ஞாயித்துக்கிழமை? என் கல்யாணப் பேச்சு வந்த அன்னிக்கிகூட நீ அங்கதானே இருந்தே? பொண்ணு வீட்டுக்காரங்க வந்து காத்திருந்துட்டு எழுந்து போனாங்களே!"

"அந்தப் பொண்ணு வேற காரணத்தால போச்சு. அதை விடு. இதை சார் எழுதியிருக்க மாட்டார்டா. பதிப்பகத்துல யாரோ கை வச்சிருக்காங்க."

மறுநாளே பதிப்பகத்துக்குப் போனாள். மாடியில் நீளமான ஒரு அறை. சுவரோரம் இடுப்பளவுக்குப் புத்தகக் கட்டுகள். பதிப்பாசிரியர் காதில் பென்சிலோடு அச்சுத் தாள்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார். மரியாதையான மனிதர். அவள் யாரென்று கேட்டார்.

"வாசகி" என்றாள். இருபத்தேழு வருடம் சொல்லிப் பழகிய பொய், தானாக வந்துவிட்டது.

முன்னுரையின் கையெழுத்துப் பிரதியைப் பார்க்க முடியுமா என்று கேட்டாள். அவர் சந்தோஷமாக எடுத்துக் காட்டினார். எழுத்தாளரின் கையெழுத்தேதான். நோயில் கொஞ்சம் நடுங்கியிருந்தது, ஆனால் 'ழ'வின் வாலை இழுத்து அடுத்த வரியில் இடிக்கிற அந்தப் பழக்கம் அப்படியே இருந்தது. அடியில் தேதி. அவள் விரலைவிட்டுக் கணக்குப் போட்டாள். ஞாயிற்றுக்கிழமை.

அந்த ஞாயிறு அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. ஆலங்கட்டி எப்படி உருவாகிறது என்று அவர் கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டார். கிளம்பும்போது அவள் செருப்பு வார் அறுந்துவிட்டது. அவர் சுவரைப் பிடித்துக்கொண்டே வாசல்வரை வந்து தன் செருப்பைக் கொடுத்து, "பெருசா இருக்கும், பாத்துப் போ" என்றார். அப்படிச் சொல்லிவிட்டு உள்ளே போய் இதை எழுதியிருக்கிறார். அல்லது இதை எழுதிவிட்டு வந்து அப்படிச் சொல்லியிருக்கிறார்.

"உலர்கோள் வரிசையை இவ்வளவு குறைச்சு எழுதியிருக்காரே" என்றாள், குரல் பிசிறாமல் பார்த்துக்கொண்டு.

"எங்களுக்கும் ஆச்சரியம்தான் மேடம். அதுக்கு அவர் பட்ட பாட்டைப் பாத்தா நீங்க மலைச்சுப் போயிடுவீங்க. அடுத்த மாசம் கண்காட்சியில வைக்கப் போறோம், பாருங்க." அவர் அலமாரியிலிருந்து தடியான நாலு நோட்டுகளை எடுத்து மேஜையில் வைத்தார். "ஆயிரம் நாளுக்கு மேல வானிலை! ஒவ்வொரு நாளும் தனித்தனியா! இப்படி ஒரு உழைப்பு யார்கிட்ட இருக்கு?"

அவள் திறந்தாள். காற்று, மேற்கு. தூசி, முழங்கால் உயரம். மேகம், இல்லை. அவளுடைய குறிப்புகள்தான். ஒரு எழுத்துக்கூட விடாமல் அவளுடையவை. ஆனால் மையில், அவர் கையெழுத்தில், வாலை இழுத்த 'ழ'வோடு.

வேகமாகப் பக்கங்களைப் புரட்டினாள். ஒரே ஒரு நாள் அவள் குறிப்பு எழுதவில்லை. தம்பிக்குக் காய்ச்சல் கண்டு ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலைந்த நாள். அந்த இடத்தில், 'தம்பிக்குக் காய்ச்சல். இன்று குறிப்பு இல்லை' என்று எழுதிவிட்டு அடுத்த நாளுக்குப் போயிருந்தாள். அந்தப் பக்கம் வந்தது.

'மனைவிக்குக் காய்ச்சல். இன்று குறிப்பு இல்லை.'

"அதையும் பாத்துட்டீங்களா!" என்று பதிப்பாசிரியர் பூரித்துப் போனார். "எனக்குப் பிடிச்ச இடமே அதுதான். கற்பனைக் கோளோட வானிலைக்குக்கூட லீவு எழுதி வச்சிருக்கார் பாருங்க. என்ன ஒரு நேர்மை!"

அவள் நோட்டை மூடினாள். சொல்லிக்கொண்டு படி இறங்கினாள். எடுத்தெழுதியிருந்தால்கூடப் போகட்டும், பென்சில் அழிந்துவிடும் என்று எழுதியிருப்பார் என்று மனசைச் சமாதானம் செய்யலாம். தம்பியை மனைவியாக மாற்றியதற்கு என்ன சமாதானம் சொல்வது?

வீட்டுக்குப் போகாமல் நேராக அண்ணி வீட்டுக்குப் போனாள். அண்ணி எழுத்தாளரின் மூக்குக்கண்ணாடிகளை மேஜையில் பரப்பி வைத்து, எதை யாருக்குக் கொடுப்பது என்று பார்த்துக்கொண்டிருந்தார். ஞாயிறல்லாத நாளில் வந்தவளை நிமிர்ந்து பார்த்ததுமே அவருக்குப் புரிந்துவிட்டது.

"நோட்டைப் பாத்துட்டியா?"

"பாத்துட்டேன்."

"உக்காரு."

"நின்னுக்கறேன் அண்ணி. எனக்கு ஒண்ணு சொல்லுங்க. எப்ப எழுதினார்?"

அண்ணி கண்ணாடி ஒன்றை முந்தானையால் துடைத்தார். துடைத்ததையே திரும்பத் துடைத்தார். "உலர்கோள் வானிலையைப் பத்தி ஆராய்ச்சி பண்ண ஒருத்தர் வந்தாரே, பத்தொம்பது வருஷம் ஆச்சு. குறிப்பு ஏதாவது வச்சிருக்கீங்களான்னு கேட்டார். இவர் யோசிக்காம 'ஓ, இருக்கே'ன்னுட்டார். அப்புறம் அதைக் காட்டணுமில்ல? நாப்பது நாள் உக்காந்து எழுதினார்."

"நாப்பது நாளா? நான் ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை வந்துக்கிட்டு இருந்தேனே?"

"நீ வர்றதுக்கு முன்னால மேஜை மேல துணி போட்டு மூடிடுவோம்."

மூடிடுவோம். அந்தச் சொல் அவள் காதில் போய் நின்றது.

"நீங்களும் கூட இருந்தீங்களா?"

"உன் பென்சில் எழுத்து மங்கிப்போயிருந்துது, அவர் கண்ணுக்குத் தெரியல. நான் வாசிச்சேன், அவர் எழுதினார்." அண்ணி இப்போது கண்ணாடியைக் கீழே வைத்துவிட்டார். "தம்பிக்குக் காய்ச்சல்னு வந்த இடத்துல பேனாவை வச்சிட்டார். இவருக்கு ஏது தம்பி? என்ன பண்றதுன்னு என்னைப் பாத்தார். எனக்குக் காய்ச்சல்னு போடுங்கன்னு நான்தான் சொன்னேன்."

வானிலைக்காரிக்கு அந்த நாற்பது நாளில் என்ன சாப்பிட்டோம் என்று நினைவுக்கு வரவில்லை. ஆனால் அந்த மேஜைத் துணி நினைவுக்கு வந்தது. நீலக்கரை போட்டது. புதுசா அண்ணி, நல்லா இருக்கே என்றுகூட அவள் கேட்டிருந்தாள்.

"நான் எழுதின தாளெல்லாம் எங்க?"

"பழைய பேப்பரோட போட்டாச்சு."

அவள் கேட்டாள்: "சரி, திருடினதுதான் திருடினார். அப்புறம் எதுக்கு அந்த அஞ்சையும் படிக்காதேன்னு எழுதி வச்சார்? அதுவுமா எனக்குச் செய்யணும்?"

"நீ ரிட்டையர் ஆன அன்னிக்கிலேர்ந்து அவருக்குத் தூக்கமே இல்லை. நீ கேப்பேன்னு பயந்துக்கிட்டே இருந்தார். நீ கேக்கல. கேக்காதது இன்னும் பயம். தன்னோடதுன்னு சொல்லவும் வாய் வரல, உன்னோடதுன்னு சொல்லவும் மனசு வரல. யாரும் படிக்காம இருந்தா யாரும் கேக்க மாட்டாங்கன்னு நெனச்சார் போல." அண்ணி அவள் கையைப் பிடிக்க வந்தார். "உன்மேல அவருக்கு ரொம்பப் பிரியம். அது பொய்யில்ல."

"பிரியமா இருந்தாரு, சரி" என்று சொல்லிவிட்டு வானிலைக்காரி கையை இழுத்துக்கொண்டாள்.

தம்பியிடம் சொன்னதுதான் தாமதம், மறுநாள் காலை அவன் வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு தயாராக நின்றான். "வாக்கா. அந்தம்மாவே ஒத்துக்கிட்டாங்கல்ல? போய்ச் சொல்லுவோம். காய்ச்சல்ல கிடந்தவன் நான். நானே சாட்சி."

பதிப்பாசிரியர் இருவரையும் உட்காரவைத்து எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். முகம் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக மாறிக்கொண்டே வந்தது.

"பேரு கூட வேண்டாங்க" என்றாள் அவள். "அந்த முன்னுரையில தாண்டிப் போகலாம்னு இருக்கே, அந்த நாலு வரியை மட்டும் அடுத்த பதிப்புல எடுத்துடுங்க. படிக்கிறவங்க படிச்சிட்டுப் பிடிக்கலன்னு சொல்லட்டும். படிக்காதேன்னு சொல்லாதீங்க."

"இறந்தவரோட கடைசி எழுத்து மேடம். அதுல நான் எப்படிக் கை வைக்கிறது?" அவர் பென்சிலைக் காதிலிருந்து எடுத்தார், திரும்ப வைத்தார். "தப்பா நெனைக்காதீங்க, அவங்க வீட்ல ஒரு வார்த்தை கேட்டுடறேன்."

அங்கேயே தொலைபேசியில் கூப்பிட்டார். எல்லோருக்கும் கேட்கிற மாதிரி ஒலிபெருக்கியைப் போட்டு மேஜையில் வைத்தார். அவள் பேரைச் சொல்லி, தெரியுமா என்றார்.

"தெரியாம என்ன? ரொம்ப வேண்டியவங்க" என்றது அண்ணியின் குரல்.

"அந்த வானிலைக் குறிப்பெல்லாம் அவங்க எழுதிக் குடுத்ததுன்னு சொல்றாங்கம்மா."

அந்தப் பக்கம் எங்கோ ஒரு குழாய் சொட்டுவது மட்டும் கேட்டது. வானிலைக்காரிக்கு அந்தக் குழாயைத் தெரியும். சமையலறையில், எவ்வளவு இறுக்கினாலும் நிற்காது. தம்பிதான் இரண்டு தடவை போய்ச் சரி செய்து கொடுத்தான்.

"அவர்தான் எழுதினார்" என்றார் அண்ணி. "நாப்பது நாள். நான் பக்கத்துலயே இருந்து என் கண்ணால பாத்தேன்."

"யம்மா, மனசாட்சியைத் தொட்டுச் சொல்லுங்க!" என்று தம்பி மேஜைமேல் பாய்ந்தான். அவள் அவன் மணிக்கட்டைப் பிடித்து உட்கார வைத்தாள். தொலைபேசி அதற்குள் அடங்கிவிட்டது.

"துக்கத்துல இருக்கீங்க" என்றார் பதிப்பாசிரியர், மிகவும் கனிவாக. "நெருங்கினவங்க போயிட்டா இப்படியெல்லாம் தோணும். டீ சொல்லட்டுமா?"

டீயைவிட அந்தக் கனிவைத்தான் அவளால் விழுங்க முடியவில்லை. வெளியே வந்து தம்பி நடைபாதையில் நின்று அண்ணியை வாய்க்கு வந்தபடி ஏசினான். அவள் தடுக்கவில்லை. அண்ணி பக்கம் என்ன நியாயம் என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. புருஷன் போன பிறகு அந்த அம்மாளுக்கு இருக்கிறது அந்தப் பேர் ஒன்றுதான். அதில் ஒரு கீறல் விழச் சம்மதிக்க மாட்டார். எல்லாம் புரிந்தது. புரிந்ததால் வலி ஒரு நூல்கூடக் குறையவில்லை.

அடுத்த ஞாயிறு பழக்கதோஷத்தில் பத்து மணிக்கே குளித்து உடுத்திக்கொண்டுவிட்டாள். போக இடமில்லை என்று பிறகுதான் உறைத்தது. மதியம்வரை கட்டிலில் அப்படியே உட்கார்ந்திருந்தாள். இரண்டு மூன்று வாரம் கழித்து அண்ணி தொலைபேசியில் கூப்பிட்டார். அவள் எடுக்கவில்லை. தொகுதிகளின் இரண்டாம் பதிப்பு வந்தது. முன்னுரையில் ஒரு புள்ளிகூட மாறவில்லை.

வீட்டில் சும்மா இருந்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்று நூலகத்துக்குப் போக ஆரம்பித்தாள். அங்கே நூலகர் அந்த முன்னுரையைப் பெரிதாக நகலெடுத்து, 'எங்கே தொடங்குவது? எழுத்தாளரே சொல்கிறார்!' என்று அலமாரியில் ஒட்டியிருந்தார். சிறுகதைத் தொகுப்பு கண்மட்டத்தில் இருந்தது. உலர்கோள் ஐந்தும் தரையோடு ஒட்டிய அடித்தட்டில். அதை எடுக்க வேண்டுமானால் குத்துக்காலிட்டு உட்கார வேண்டும்.

ஒருநாள் அந்த அலமாரி முன்னால் ஒரு பெண் நின்று தயங்கிக்கொண்டிருந்தாள். பல் மருத்துவமனையில் சீட்டுக் கொடுக்கிற பெண். வானிலைக்காரி கடைவாய்ப்பல்லுக்குப் போனபோது பார்த்திருக்கிறாள்.

"நீங்க இவரை நிறையப் படிச்சிருக்கீங்கன்னு நூலகர் சொன்னார். எதுல ஆரம்பிக்கலாம் மேடம்?"

"உலர்கோள். முதல் புஸ்தகம்."

"ஆனா அவரே வேண்டாம்னு எழுதியிருக்காரே?"

"அவர் அப்படித்தான் சொல்வார்."

அந்தப் பெண் குனிந்து எடுத்துக்கொண்டு போனாள். வானிலைக்காரி அந்த வாரம் முழுக்க அந்தப் பெண் இப்போது எந்தப் பக்கத்தில் இருப்பாள் என்று நினைத்துக்கொண்டே இருந்தாள். அடுத்த சனிக்கிழமை வழக்கத்தைவிட அரைமணி முன்னதாகவே நூலகத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள். அந்தப் பெண் வந்து புத்தகத்தை மேஜைமேல் வைத்தாள்.

"கோவிச்சுக்காதீங்க மேடம். நாப்பது பக்கத்துக்கு மேல முடியல. ஒரே காத்து, ஒரே தூசி. படிச்சிட்டு எழுந்தா வாயெல்லாம் மண்ணா இருக்கு."

"நாப்பத்தொண்ணுலதான் காத்து திரும்பும்."

"அப்படியா? அவ்வளவு ஞாபகமா?"

ஞாபகம் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். நூலகரும் பதிவேட்டிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"அந்தக் காத்தை எழுதினது நான்."

அந்தப் பெண் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். ஆதாரம் கேட்கவில்லை. துக்கமா என்று கேட்கவில்லை. "அப்போ மூணாம் பக்கத்துலயே திருப்பியிருக்கலாமே மேடம்!" என்றாள், நிஜமான குறையோடு.

இதே வார்த்தையை எழுத்தாளர் சொல்லியிருந்தார். இரண்டு ஞாயிறு சண்டை. அழுத்தம் இறங்காமல் காற்று எப்படித் திரும்பும், முப்பத்தேழு நாள் ஆகும், உங்கள் அவசரத்துக்கெல்லாம் கோள் சுற்றாது என்று அவள் பிடிவாதமாக நின்று, கடைசியில் அவர்தான் இறங்கி வந்தார்.

"சாரும் அப்படித்தான் சொன்னார்" என்றாள். "நான்தான் விடல."

"அவர் சொன்னதுதான் சரி" என்று சொல்லிவிட்டு அந்தப் பெண் சிறுகதைத் தொகுப்பை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

வீட்டுக்கு வந்து சொன்னபோது தம்பி நம்ப முடியாமல் கேட்டான். "நீதான் எழுதினேன்னு சொன்னதும் நம்பிட்டாளா? எதுவும் கேக்கலையா?"

"கேக்கல. குறைதான் சொன்னா."

தம்பி விழுந்து விழுந்து சிரித்தான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தச் சண்டையை, அந்த முப்பத்தேழு நாளை, இரண்டாவது ஞாயிறு கடைசியில் அவர் கையைத் தூக்கிச் சரணடைந்ததைச் சொன்னால் புரிந்துகொள்கிற ஆள் உலகத்தில் அண்ணி ஒருவர்தான் மிச்சம். அவரோடு இனிப் பேச்சில்லை. மாடிக்குப் போய்க் காய்ந்த துணியை எடுத்து மடித்தாள்.